கடன் வாங்கிக் கொடுத்த லாபம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான், மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. ஒன்றாம் தேதி பணம் வந்துவிட்டது. நீ ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

உன் ஆபீஸில் இருக்கும் டச்சுப் பெண், "எங்கள் ஆட்கள் உங்கள் நாகப்பட்டினத்தில் என்ன செய்தார்கள்?" என்று கேட்டதாகச் சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். சனிக்கிழமை என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஒல்லாந்தர், அதாவது அந்த டச்சுக்காரர்கள், ஏலக்காயிலும் கிராம்பிலும் பணக்காரர் ஆனார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே மத்தி போன்ற ஹெர்ரிங் மீனை உப்பில் போட்டு விற்றவர்கள் அவர்கள். பால்டிக் கரையிலிருந்து தானியம் ஏற்றி ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர்கள். குறைந்த ஆட்களை வைத்து நிறைய சரக்கு ஏற்ற ஃப்ளூட் என்று ஒரு கப்பல் கட்டினார்கள், கூலி மிச்சம். 1602இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் (அவர்கள் நாட்டு நாணயம்) முதல் சேர்ந்தது. இயக்குநர் ஒருவர் வீட்டில் வேலை பார்த்த பெண்கூட 100 கில்டர் போட்டிருக்கிறாள். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

நம் கரைக்கு ஏன் வந்தார்கள்? இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் மலுக்குத் தீவுகளில் ஜாதிக்காய் வாங்க வெள்ளி மட்டும் போதவில்லை, அங்கே நம் துணிக்குத்தான் கிராக்கி. அதனால் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள். 1658இல் நம் ஊரைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1690இல் சோழமண்டலக் கரைக்கே இதைத் தலைமையிடம் ஆக்கினார்கள். இதை அந்தப் பெண்ணிடம் தலைநிமிர்ந்து சொல். 1621இல் அந்த மலுக்குப் பக்கத்துப் பண்டா தீவில் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கூன் என்பவன் செய்ததையும் சொல். ஜாதிக்காய்க்காக ஒரு ஜனத்தையே கொன்றும் அடிமையாக்கியும் விரட்டியும் காலி செய்தார்கள். பழவேற்காட்டிலிருந்து நம் ஆட்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றியதையும் விட்டுவிடாதே. நாசூக்குப் பார்க்காதே.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் முகம் வாடித் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை என்கிறாய். சரி.

அப்புறம் விழுந்த கதை. இங்கிலாந்தோடு ஓயாத சண்டை, 1672இல் பிரான்சும் சேர்ந்துகொண்டது, 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோல்வி. மிளகின் மவுசு குறைந்து துணியும் தேயிலையும் மேலே வந்தன. சம்பளம் போதாத ஊழியர்கள் தனிக்கணக்கில் வியாபாரம் பார்த்தார்கள். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும்.

என்னைக் கேட்டால், நோய் வேறு இடத்தில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் லாபம் குறைந்த பிறகும் கம்பெனி பங்குதாரர்களுக்கு லாபப்பங்கு கொடுத்துக்கொண்டே இருந்தது. கையில் இல்லாததற்குக் குறுகிய காலக் கடன். கொடுக்காவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம். ஆம்ஸ்டர்டாம் வங்கியும் ரகசியமாகக் கடன் கொடுத்தது. 1780இல் மறுபடி இங்கிலாந்தோடு போர் வந்ததும் தாங்கவில்லை. அடுத்த வருஷமே நம் ஊர் கைவிட்டுப் போனது. 1799 கடைசியோடு கம்பெனியும் இல்லை. ரகசியம் வெளியே வந்ததில் வங்கியின் பெயரும் கெட்டது.

வெளியே பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? பணம் தவறாமல் வருகிறது, அப்படியானால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே நினைத்திருப்பார்கள்?

போன வாரம் பெரியத்தான் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் எதையும் பெரிதாக்குவார், உனக்குத் தெரியும். நான் நம்பவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. என் மகள் யாரிடமும் கைநீட்ட மாட்டாள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தக் குணம்தான் எனக்குப் பயமும்கூட. பத்தாம் வகுப்பில் காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து சொன்னவள்தானே நீ! அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொள்.

கொத்தனாரிடம் மாடித் தளத்தைச் சித்திரைக்குமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். என் பென்ஷன் எங்கள் இருவருக்கும் போதும், மருந்துக்கும் சேர்த்து. அடுத்த மாதம் பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மா ஒன்பதரைக்கே தூங்கிவிடுவாள், அதற்குப் பிறகு என் நம்பருக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா