கல்லில் பெயர் ஏற உதவியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர் நினைவிடம் ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. பலரை ஒரே குழியில் புதைத்தோம். இன்னார் இங்கே கிடக்கிறார் என்று காட்ட இடமில்லாமல் போனது. அதனால்தான் பெயர்களுக்கென்று ஒரு கல் கேட்டோம்.

முதல் நன்றி கல்தச்சருக்கு. தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். செங்காவியால் எழுத்துகளைக் குறித்துக்கொண்டே வந்தவர், பட்டியலில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். 'பெண் குழந்தை, வயது 0' என்று இருந்தது. என் அக்காவின் பிள்ளை. பெயர் சூட்டுவதற்குள் போய்விட்டது. உள்ளபடியே வெட்டுங்கள் என்றோம். அவர் உளியை வைத்துவிட்டு, அக்கா வீட்டை விசாரித்துக்கொண்டு வெயிலில் நடந்தே போனார்.

"வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிட்டீர்கள், அம்மா?"

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு "சிட்டு" என்றாள். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

அகரவரிசையை விட்டு வீடு வீடாகச் சேர்த்து எழுதலாம் என்றவரும் அவர்தான். இல்லாவிட்டால் சிட்டு ஒரு மூலையிலும் அத்தான் இன்னொரு மூலையிலும் கிடந்திருப்பார்கள். அதற்காகக் குறித்த காவியையெல்லாம் கழுவிவிட்டு மறுபடி குறித்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசித்தான் வந்திருந்தார். பெயரில்லாமல் போன பிள்ளைகளின் எழுத்துகளை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, "பெயர் வைத்ததற்குக் கூலியா?" என்றார்.

அலை வடிவத்தில் தூண் வேண்டாம், அதைக் கல்லில் வேறு பார்க்க வேண்டுமா என்று கூட்டத்தில் எழுந்து சொன்ன மீன்காரப் பெண்கள், உட்கார்ந்தபடியே கிழவிகள் தொடும்படி கல்லின் உயரத்தைக் குறைத்த பொறியாளர், ஒருநாள் மீன்பாட்டை அப்படியே கொடுத்த படகுக்காரர்கள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய ஊர்ப் பிள்ளைகள், வேலை முடியும்வரை தேநீருக்குக் காசு வாங்காத கடைக்காரர், எல்லோருக்கும் நன்றி. திறந்து வைத்தவர் பெயரைப் பொறிப்பதா என்று ஒரு சண்டையும் நடந்தது. பொறிக்கவில்லை. அதற்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கும் நன்றிதான்.

டிசம்பர் 26-ல் எங்கள் படகுகள் கடலுக்குப் போவதில்லை. இனி அன்று விடியற்காலையில் கல்லில் படிந்த உப்பைக் கழுவுவது, உடம்பில் தெம்பு உள்ளவரை, என் வேலை.

அடிவரிசையில் இடம் விட்டிருக்கிறோம். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் வீட்டில் யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொங்கலுக்குள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லுங்கள். தை பிறந்ததும் கல்தச்சர் ஒருமுறை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.