அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா நேற்று டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். விசாரித்தவர்கள், ரத்தம் கொடுக்க ஓடி வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஐசியூவில் எங்களை உள்ளே விடவில்லை. அந்த இரவு டியூட்டி சிஸ்டர்தான் வெந்நீரில் துண்டை நனைத்து அப்பாவின் கால்களைத் துடைத்து, வறண்ட உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றி எடுத்திருக்கிறார். விடிந்ததும் மூன்று நாள் தாடியையும் மழித்துவிட்டாராம். "பிள்ளைங்க வர்றப்ப பளிச்சுனு இருக்க வேண்டாமாப்பா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதே அப்பாவுக்குக் கண் கலங்குகிறது. பணம் நீட்டினேன், வாங்கவே இல்லை.

மே 12 செவிலியர் தினம், நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாள். அன்று அப்பாவே தன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், பார்க்க வருகிறவர்கள் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள். பகலில் தூங்குகிறார்.