கொழும்பில் போர்வை பின்னும் அக்காமாருக்கு, தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பவென்று இந்த வருஷமும் குரோஷே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு போர்வையை முடிப்பதற்குள் கழுத்தும் மணிக்கட்டும் என்ன பாடுபடும் என்று எனக்கும் தெரியும். நானும் பின்னுகிறவள்தான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: முதல் சங்கிலியைப் போடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதென்றால் என்ன நிறம் வேண்டும், கட்டிலுக்கா தொட்டிலுக்கா, மெஷினில் போட்டுத் துவைப்பாளா என்றெல்லாம் கேட்டுத்தானே தொடங்குவீர்கள்? தோட்டத்துக்கு என்றதும் அந்தக் கேள்விகள் காணாமல் போய்விடுகின்றன. கையில் மிஞ்சிய நூலில், தோன்றிய அளவில், ஓட்டை ஓட்டையான பூ வேலைப்பாட்டோடு ஒன்று வந்து சேர்கிறது. பார்க்க அழகுதான். அந்த ஓட்டைகள் வழியே குளிரும் தாராளமாக வரும்.

எங்கள் ஊர்க் குளிரைச் சொல்கிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சில நாள் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் போர்வைக்குப் பெரிய எதிரி அந்தக் குளிர் இல்லை, மழைதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் நாள்கணக்கில் வெயிலைக் காணாத காலம் உண்டு. பதுளைப் பக்கத்துக்கு ஐப்பசிக்குப் பிறகு அதே கதை. அப்போது துவைத்ததை இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், கட்டிய கொடியில்தான் போட வேண்டும். பருத்தி நூலில் பின்னிய போர்வை தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும், லேசில் காயாது, பூஞ்சணம் பிடித்து வாடை வரும்.

அக்ரிலிக் நூல் சீக்கிரம் காயும், விலையும் கட்டுப்படியாகும். அசல் ஆட்டு ரோம ஊல் கதகதப்பானதுதான். ஆனால் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கல்லில் அடித்தால் சுருங்கித் தடித்துப்போகும். ஆகவே அக்ரிலிக்கே போதும், ஒரு எச்சரிக்கையோடு. அது நெருப்பில் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பழைய லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்து அறை, என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பல வீடுகளில் இன்னும் விறகடுப்பு, குளிருக்கு அதைச் சுற்றித்தான் பிள்ளைகள் போர்வையோடு உட்காருவார்கள். அதனால் என்ன நூல் என்பதையும், அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம் என்பதையும் ஒரு துணித்துண்டில் தமிழில் எழுதி ஓரத்தில் தைத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. வருவதில் பாதிக்கு மேல் கைக்குழந்தைப் போர்வைகள். சின்னது, சீக்கிரம் முடியும், பின்னவும் ஆசையாக இருக்கும், புரிகிறது. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை தூங்கும்போது தளர்வான போர்வை போடக்கூடாது. தொட்டிலில் அது முகத்துக்கு மேல் ஏறிவிடும், பின்னல் ஓட்டைகளில் குட்டி விரல்கள் மாட்டும். எங்களுக்கு வேண்டியது ஐந்துக்கு ஏழடி, இரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் படுத்தாலும் போதுகிற மாதிரி, நெருக்கமான பின்னலில். ஒரு கிலோவுக்கு மேல் நூல் போகும். ஒருவரால் முடியாவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் கட்டங்கள் பின்னி இணைக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே தடிப்பு நூலை எடுங்கள், முனைகளை வெட்டிவிடாமல் நன்றாக உள்ளே ஓட்டி முடியுங்கள். போன வருஷம் வந்த ஒன்று, இரண்டே துவையலில் கட்டம் கட்டமாகக் கழன்றது. நிறம் கடும் பச்சை, அரக்குச் சிவப்பு என்று இருக்கட்டும். புகைக்கும் செம்மண்ணுக்கும் வெள்ளை தாங்காது.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். மலையில் கொழுந்தெடுக்கும்போது மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வதும் அதுதான், ராத்திரியில் போர்த்திக்கொள்வதும் அதுதான். சொரசொரப்பு, உடம்பெல்லாம் குத்தும். கொடுத்தவர்களை நான் புகழ வரவில்லை. ஆனாலும் அது எங்கே, எதற்குப் பயன்படும் என்று தெரிந்து செய்த சாமான்.

பெரிய போர்வைக்கு நேரமில்லாதவர்கள் வயதானவர்களுக்கு மடிப்போர்வை பின்னுங்கள். காலமெல்லாம் கொழுந்தெடுத்து முழங்கால் தேய்ந்த பாட்டிமார் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். மூன்றுக்கு மூன்றரை அடி போதும். அவர்களை யாரும் நினைப்பதே இல்லை.

அப்புறம், கொடுக்கிற விதம். வேலை நாளில் டவுன் மண்டபத்துக்கு வரச் சொன்னால் வருகிறவளுக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு. மேடையில் பெயர் கூப்பிட்டு, போர்வையை நெஞ்சோடு பிடித்து நிற்கவைத்துப் படம் எடுத்தால் எங்கள் பெண்கள் சிரிப்பார்கள், வீட்டுக்குப் போய் வேறு பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து தோட்டத்து டிவிஷனுக்கே வாருங்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் வைத்துக் கொடுக்கலாம், தேத்தண்ணி நாங்கள் தருகிறோம்.

வரும்போது ஊசிகளும் கொண்டுவாருங்கள், 5 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் அளவில். சாயங்காலம் என் இஸ்தோப்பில் கூடிப் பின்னுகிற பெண்கள் சிலர் இருக்கிறோம். கை இருக்கிறது, நூல் வாங்கத்தான் முடியவில்லை. நீங்கள் பின்னத் திட்டமிட்டதில் பாதியை நூலாகவே தந்தால், எந்தக் காம்பராவில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று பார்த்து அளவெடுத்துப் பின்னிக்கொடுப்போம். கணக்குக் கொப்பியும் எழுதிவைப்போம். முதலில் அக்ரிலிக் பத்துக் கிலோ அனுப்பிப் பாருங்கள், பச்சையும் அரக்குமாக.

இப்படிக்கு,
லயத்து இஸ்தோப்பில் பின்னுகிறவர்கள் சார்பாக உங்கள் தங்கச்சி