இடம் மாறும் விளையாட்டுக் கடைக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய விளையாட்டுப் பொருள் கடை, அடுத்த தெருவில் மாடிக்கு மாறுகிறது. பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரத்தைத் தூக்கி நகர்த்தினால் இழுவிசை பிசகலாம். புது இடத்தில் அதைச் சமமாக நிறுத்தி, அளவியால் சோதித்த பிறகே முதல் மட்டையைக் கட்டுங்கள். 24 பவுண்டு இழுவிசை கேட்டவருக்கு 28 விழுந்தால் நரம்பு சீக்கிரம் அறும்; மலிவான சட்டகம் விரிசலே விடும். இறகுப் பந்துகளைக் குளிர்சாதனக் காற்றுக்கு நேரே அடுக்காதீர்கள், இறகு காய்ந்து ஒடியும்.

பழைய கதவில் புது முகவரியைத் தமிழிலும் ஒட்டுங்கள். தோட்டத்திலிருந்து பேருந்தில் வரும் பெரியவர்களுக்காக, அறுந்த மட்டைகளைக் கீழேயே வாங்கிக்கொள்ள ஓர் ஆள் அவசியம்.

பூப்பந்து ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட்