செயலாளரின் ஆண்டறிக்கை: விட்டாவைக் கடந்த வருடம்

அன்பான அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

ஒஸ்லோவிலுள்ள எங்கள் நடைக்குழுவின் செயலாளராக நான் எழுதும் மூன்றாவது அறிக்கை இது. போன வருடம் அறிக்கை நீண்டுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அதனால் வழமையான விசயங்களை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தைப்பொங்கல் ஒன்றுகூடல் நல்லபடியாக நடந்தது. பனிச்சறுக்குப் பழகும் நாள் ஒன்று வைத்தோம். மே மாதம் சொங்ஸ்வான் ஏரியிலிருந்து உல்லவோல்சேத்தர் வரை நடந்தோம், முழுக்க மழை, ஆனாலும் 31 பேர் வந்தார்கள். முதலுதவி வகுப்பு ஒன்று நடந்தது. டுக்னாட் என்னும் கூட்டுச் சிரமதானத்துக்கு 6 பேர். நிர்வாகக் கூட்டம் ஐந்து, அதில் இரண்டு ஆட்கள் போதாமல் கலைந்தது.

அப்புறம் ஆகஸ்ட் நடை. இதைப் பற்றித்தான் விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. நான் பயந்து நடையைக் கெடுத்துவிட்டேன் என்று பலர் பலவிதமாகக் கதைப்பது என் காதுக்கும் வந்தது, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் கடமை.

தென் நோர்வேயின் ஹார்டங்கர்விட்டாவை (சுருக்கமாக விட்டா) குறுக்கே நடந்து கடக்கவேண்டும் என்ற யோசனையை நான் முன்வைத்து இரண்டு வருடமாகிறது. வட ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய மலைச் சமவெளி அது. 1981இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், பூங்கா மட்டுமே 3,422 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது, பேர்கன் ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே அந்த வெட்டவெளியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம், இறங்கி நடந்தவர்கள் எத்தனை பேர்? நோர்வேயின் வெளி வாழ்வுச் சட்டம் 1957இலேயே வந்தது. காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம், ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அந்த உரிமை எங்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் பிள்ளைகள் அதைத் தங்களுடையதாக உணரவேண்டும் என்பதுதான் இந்த நடைக்கு நான் இவ்வளவு பாடுபட்டதன் காரணம்.

பாதை இது: ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஃபின்சே, அங்கிருந்து குடில் குடிலாகக் கிரெக்யா, ரௌஹெல்லெரன், சாண்ட்ஹௌக், லிட்லோஸ், ஹெல்லெவாஸ்பு, கடைசியாக ஹௌக்கெலிசேத்தர். ஆறு நாள் நடை, நாளுக்கு 20 கிலோமீற்றர் முன்பின்னாக வரும். இடையில் தேவைப்பட்டால் எடுக்க ஒரு நாள் கூடுதலாக வைத்து ஏழு இரவுக்குத் திட்டமிட்டேன். அந்த ஒரு நாளை எதற்கு வீணாக்கவேண்டும் என்று பெப்ரவரிக் கூட்டத்தில் கேட்டார்கள். குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது.

பெயர் கொடுத்தவர்கள் 23 பேர். குடில்களில் இடம் பிடிப்பதற்கு முன்காசு கட்டவேண்டும் என்பதால் என் அட்டையால் 23 பேருக்கும் கட்டினேன். ஜூன் மாதம் இரண்டு பேர் வேலை காரணமாக விலகினார்கள், முறையாக நேரத்தோடு அறிவித்தார்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் நடைக்கு முந்தைய பத்து நாளில் பன்னிரண்டு பேர் விலகினார்கள். ஒருவருக்குப் பூப்புனித நீராட்டு விழா, இன்னொருவருக்குச் சப்பாத்து சரிவரவில்லை, மூன்று பேர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ரயில் வெளிக்கிடும் காலையில்தான் வரவில்லை என்று தெரிந்தது. கொண்டாட்டங்கள் முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் மாதம் கொண்டாட்டம் வரும் என்பது பெப்ரவரியிலேயே தெரிந்திருக்குமே. கடைசி நேரத்தில் விலகினால் முன்காசு திரும்பாது என்று மூன்று தரம் எழுதி அனுப்பினேன். அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் தங்கள் பங்கைத் தந்துவிட்டார்கள், அவர்களுக்கு நன்றி. எட்டுப் பேருடைய காசு இன்றைக்கும் என் கையிலிருந்து போனதாகவே இருக்கிறது.

ஆக, ஃபின்சேயில் இறங்கியது 9 பேர். 1,222 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்துக்கு வாகனத்தில் போய்ச்சேர வழி கிடையாது, ரயில் போனபிறகு காற்றின் சத்தம் மட்டும்தான். எதிரே ஹார்டங்கர்யோக்குலன் பனியாறு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. எங்களில் மூத்தவர் 64 வயது அக்கா, இளையவன் 15 வயதுப் பெடியன். மரம் ஒன்றும் இல்லாத நிலம், கல்லும் சேறும் ஏரியும் மாறி மாறி வரும், எங்கே போவதென்று சொல்வது கற்குவியல்களில் சிவப்பு மையால் எழுதிய ‘ரீ’ (T) எழுத்து மட்டும்தான். 1868இல் தொடங்கிய நோர்வே சுற்றுலாச் சங்கத்தின் தொண்டர்கள் வருடா வருடம் வந்து அந்த எழுத்துகளைப் புதுப்பிக்கிறார்கள், பனி உருகும் காலத்தில் ஆறுகளுக்குக் குறுக்கே பாலங்களைப் பூட்டி, இலையுதிர் காலத்தில் கழற்றி வைக்கிறார்கள். சம்பளத்துக்குச் செய்யும் வேலையல்ல. டுக்னாட் என்றால் என்னவென்று நான் உண்மையில் விளங்கிக்கொண்டது அந்த எழுத்துகளைப் பின்பற்றி நடந்தபோதுதான்.

இரண்டாம் நாளிலிருந்து வரைபடத்தைப் பெடியனிடம் கொடுத்துவிட்டேன். முதலில் தகப்பன் விருப்பப்படவில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு ஏரிக்கரையிலும் நின்று, திசைகாட்டியை வைத்துப் பார்த்து, அடுத்த ‘ரீ’ எங்கே வரும் என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தான். கைத்தொலைபேசிக்கு அங்கே பெரும்பாலும் அலை கிடையாது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்கு மலைக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போது தான் எப்போதும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதாக அன்று இரவு சொன்னான். ரௌஹெல்லெரன் தாண்டி ஒரு மேட்டில் அவன்தான் முதலில் துருவமான்களைக் கண்டான், முப்பது நாற்பது இருக்கும். இந்த விட்டாவில் இருப்பது ஐரோப்பாவின் மிகப்பெரிய காட்டுத் துருவமான் கூட்டங்களில் ஒன்று, ஆட்களின் மணம் பட்டாலே ஓடிவிடும். நாங்கள் கல்லோடு கல்லாகப் படுத்துக்கிடந்து, அவை தாங்களாகவே சரிவில் இறங்கிப் போகும்வரை அசையவில்லை. நாயைக் கூட்டிவரலாமா என்று முன்பு கேட்ட அங்கத்தவருக்கும் இதுதான் பதில்: ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயைக் கட்டியே வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம், இந்த மான்களைப் போன்ற உயிர்களுக்காகத்தான்.

சாண்ட்ஹௌக்கில் நடந்ததைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறார்கள். நான்காம் நாள் காலை லிட்லோசுக்குப் போகவேண்டும், கிட்டத்தட்ட 25 கிலோமீற்றர், திறந்த வெளி. வானிலை அறிக்கை இடிமின்னல் என்றது, மூடுபனி ஏரிக்கரைவரை இறங்கிவிட்டது. போவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர் மறுத்தார்கள், வாக்குவாதம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. 2016 ஆகஸ்டில் இதே விட்டாவில் ஒரு மின்னலில் 323 துருவமான்கள் ஒன்றாகச் செத்துக்கிடந்தன. அந்த வெளியில் நிலத்தைவிட உயரமாக நிற்பது நடப்பவர்தான். முதலில் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சனே 1896இல் குளிர்காலத்தில் இந்த விட்டாவைக் கடக்கப் போய் உயிர்தப்பி வந்தவர். நோர்வேயின் மலை விதிகள் ஒன்பது, அதில் எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். மதியம் இரண்டு மணிக்கு இடி தொடங்கி மாலைவரை ஓயவில்லை. அந்தக் குடிலின் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அதைக் கேட்டோம். நான் கொண்டுபோன கட்டைச்சம்பல் போத்தலை மேசையில் வைத்தேன், பக்கத்திலிருந்த நோர்வேக் குடும்பம் அதை மீனோடு சாப்பிட்டுப் பார்த்து, எப்படிச் செய்வதென்று அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டது.

அந்த நாள் போனதால் ஹோர்தெய்கன் ஏறும் திட்டத்தைக் கைவிட்டோம். 1,690 மீற்றர் உயரம், தட்டையான விட்டாவில் தொப்பியைக் கவிழ்த்து வைத்ததுபோல் தெரியும் மலை, லிட்லோஸ் பக்கத்திலிருந்து போய்வரலாம். எனக்கும் அது பெரிய ஏமாற்றம்தான், இரண்டு வருடம் அதன் படத்தைக் கைத்தொலைபேசித் திரையில் வைத்திருந்தவன் நான். ஆனால் செயலாளர் பயந்து நடையைக் கெடுத்துவிட்டார் என்று ஒஸ்லோவில் வீட்டில் இருந்தவர்கள் சொல்வதை ஏற்கமாட்டேன். ஒன்பது பேரும் காயமில்லாமல் ஹௌக்கெலிசேத்தரில் வந்து பஸ் ஏறினார்கள். அக்காவுக்கு கால்விரலில் ஒரு நகம் கறுத்தது, அவ்வளவுதான்.

ஹெல்லெவாஸ்புவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆள் பொறுப்பில்லாத குடில் அது. சுற்றுலாச் சங்கத்தின் பொதுத் திறப்பால் கதவைத் திறக்கவேண்டும், விறகு, கட்டில், போர்வை எல்லாம் இருக்கும், களஞ்சிய அறையில் மீன் தகரங்கள், மா, பிஸ்கற், பருப்புச் சூப். எடுத்ததை நீங்களே குறித்து, கணக்குப் பார்த்து, காசைச் செலுத்திவிட்டு, தளத்தைக் கூட்டித் துடைத்து, அடுத்தவருக்கு விறகு வெட்டி வைத்துவிட்டுப் போகவேண்டும். கேட்பதற்கு யாரும் இல்லை. அப்படி இருந்தும் பல பத்து வருடங்களாக இது நடக்கிறது. அன்றிரவு அடுப்படியில் இருந்து கணக்கு எழுதியபோது எங்கள் சந்தாப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. 58 அங்கத்தவர்களில் 27 பேர் இந்த வருடச் சந்தாவைக் கட்டவில்லை, அதில் சிலருக்கு மூன்று வருடப் பாக்கி. கட்ட வசதியில்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லலாம், யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம், இதற்கு முன்பும் அப்படிச் செய்திருக்கிறோம். மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்குக் களைத்துவிட்டது.

கணக்கு: பொருளாளரின் அறிக்கை தனியாக வரும். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன வருடத்தைவிடக் குறைவு, செலவு கொஞ்சம் கூட, ஆனால் கையிருப்பு இன்னும் இருக்கிறது. மண்டப வாடகையில் ஒரு சிறு தொகை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடப்பட்டுள்ளது. குடில் முன்காசு என் சொந்தக் கணக்கில் போனதால் குழுவின் கணக்கில் தெரியாது.

நன்றி சொல்லவேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், பொங்கலுக்குச் சமைத்த அம்மாமார், மேலதிக மழையாடைகளைத் தந்துதவிய குடும்பம், முதலுதவி சொல்லித்தந்த தாதி. யாராவது விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்.

அடுத்த வருடத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். என்னுடைய தவணை இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. விட்டாவை மறுபடியும் கடக்கவேண்டும், இந்த முறை ஹோர்தெய்கன் ஏறவேண்டும் என்று அந்த ஒன்பது பேரும் கேட்கிறார்கள், பெடியன் புதுப் பாதையை ஏற்கனவே வரைபடத்தில் கோடு போட்டு அனுப்பிவிட்டான். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் முன்பதிவு, காசு சேர்ப்பது, ஆட்களைத் தேடிப் பிடிப்பது எல்லாவற்றையும் ஒரே ஆளாக இன்னொரு வருடம் செய்ய என்னால் முடியாது. பதிவுக்கும் காசுக்கும் பொறுப்பாக இரண்டு பேர் முன்வந்தால், பாதை, குடில், வானிலை இந்த மூன்றையும் நான் பார்த்துக்கொள்வேன். ஒருவரும் வராவிட்டால் பதவியை வேறொருவர் எடுக்கட்டும், நான் சாதாரண அங்கத்தவராக முதுகுப்பையோடு வருகிறேன்.

பெயர் கொடுப்பவர்கள் இந்தமுறை முன்காசைக் கையோடு கட்டவேண்டும், மார்ச் 15க்குள். ஆகஸ்ட் நடையின் முன்காசு பாக்கியுள்ள எட்டுப் பேரும் தங்கள் பங்கைக் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது, யார் யார் என்று நான் இங்கே எழுதவில்லை. குடில் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது, கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

செயலாளர்