ட்றெயினிங்குக்குப் போன பிள்ளையின்ர கடிதத்துக்குக் காத்துக்கொண்டு இருக்கிறவைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என்ர மூத்தவன் அமெரிக்காவில மரீன் படையில சேர்ந்து இப்ப ஒன்பதாவது கிழமையா ட்றெயினிங்கில நிக்கிறான். எங்கட ஒழுங்கையில ஒராளைத் தவிர இதை ஊரில ஒருத்தருக்கும் நான் சொல்லேல்ல. கோயிலில ஆரும் கேட்டா அவன் அங்க வேலையா நிக்கிறான் எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிப்பன். ஆமி எண்ட சொல்லு வந்தா அதோட என்னென்ன ஞாபகம் வரும் எண்டு யாழ்ப்பாணத்தில ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனா என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிற தாய் தகப்பன் வேறயும் இருப்பினம், வெளிநாடுகளில எங்கட பிள்ளையள் அங்கொண்டு இங்கொண்டா இப்பிடிச் சேருதுகள் எண்டு கேள்விப்படுறன், அவைக்காகத்தான் எழுதுறன்.

அவன் ஏ எல் முடிச்ச கையோட கிறீன் காட் லொத்தர் விழுந்து போனவன். நியூ ஜேர்சியில என்ர அக்கா வீட்டில நிண்டு கடையில வேலை செய்துகொண்டிருந்தவன், ஒருநாள் வீடியோ கோலில வந்து அம்மா நான் சேரப்போறன் எண்டான். சிற்றிசன் இல்லாட்டியும் கிறீன் காட் இருந்தாச் சேரலாம், படிக்கக் காசு கிடைக்கும் எண்டெல்லாம் சொன்னான். அவன்ர அப்பா மூண்டு நாள் அவனோட கதைக்கேல்ல.

நல்லூர் கொடியேறின கிழமை போனவன். தென் கரோலினாவில பாரிஸ் ஐலண்ட் எண்டொரு தீவு, 1915இல இருந்து மரீனுக்கு அங்க ஆள் பழக்கினம், 13 கிழமை. போய் இறங்கின உடன போனை வாங்கி வைச்சிடுவினம். ஒரே ஒரு கோல் எடுக்க விடுவினம், அதுவும் எழுதி வைச்சிருக்கிற வசனத்தை அப்பிடியே வாசிக்கோணும், வந்து சேர்ந்திட்டன், சாப்பாட்டுச் சாமான் அனுப்பாதேங்கோ, இனிக் கடிதத்தில தொடர்பு கொள்ளுறன், அவ்வளவுதான். அந்தக் கோல் அக்கா வீட்டுக்குத்தான் வந்தது. அங்க சாமம், இஞ்ச காலமை ஒன்பதரை இருக்கும், நான் முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தனான். அக்கா எனக்கு எடுத்துச் சொல்லேக்க அவவின்ர குரல் நடுங்குது. பிள்ளை கத்திக் கத்தி இங்கிலீசில என்னவோ வாசிச்சவன், பெரியம்மா எண்டுகூடக் கூப்பிடேல்ல, நான் வாய் திறக்க முதல் கட் பண்ணிப்போட்டான் எண்டா. பிள்ளைக்கு என்னவோ செய்துபோட்டாங்கள் எண்டு நானும் இவரும் அண்டைக்கு முழுக்கப் பச்சைத்தண்ணி பல்லில படாமல் இருந்தம். பேந்துதான் அக்காவின்ர மகள் விசாரிச்சுச் சொன்னவள், எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தானாம், வேற ஒரு சொல்லும் சொல்ல விடமாட்டினமாம். முதலே ஆராவது எங்களுக்கு இதைச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வட்ஸ்அப்பில அவன்ர பேரைத் திறந்தா கடைசியா வந்த திகதி அப்பிடியே நிக்கும், நான் ராத்திரி எழும்பி எழும்பி அதையே பார்ப்பன். 1995 ஒக்டோபர் 30 இடம்பெயர்வில நாங்கள் கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில கிடந்தனாங்கள். ஜேர்மனியில இருந்த அண்ணாவுக்கு உயிரோட இருக்கிறம் எண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின்ர துண்டிலதான் எழுதினது, குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம், ஒட்டாமல் திறந்தபடி குடுக்கோணும். பதில் வர எத்தினை மாசம் போச்சுது, இருந்தனாங்கள்தானே. இப்ப ரெண்டு கிழமை எனக்குத் தாங்க ஏலாமல் போச்சுது.

பத்துப் பன்ரண்டு நாளில அக்கா வீட்டுக்கு அவன்ர விலாசத்தோட ஒரு கடிதம் வந்திட்டுது, அக்கா போட்டோ எடுத்து அனுப்பினவ. நான் எழுதேல்ல. அவன் என்ர பேருக்கு ஒண்டு போடட்டும், அதைப் பார்த்துப்போட்டு பதில் எழுதுவம் எண்டு இருந்திட்டன். இதுதான் நான் விட்ட பிழை. ஒழுங்கையில ஒராளுக்குச் சொன்னனான் எண்டன், அவ என்னிலும் பத்து வயசு மூத்தவ, அவவின்ர மகனை 2009இல இருந்து காணேல்ல. 2017 மாசியில கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கின காலத்தில இருந்து பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறவ. அவவிட்டப் போய் என்ர பிள்ளையின்ர கடிதம் வரேல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் கூசிச்சுது, ஆனா என்ர முகத்தைப் பார்த்து அவவே கேட்டவ. சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "உனக்கு எழுத ஒரு விலாசம் இருக்கெல்லே பிள்ளை, பிறகேன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்" எண்டா. அண்டிரவே எழுதினன். நாய் குட்டி போட்டது, கிணத்துத் தண்ணி அடியில போனது, தேருக்கு வந்த சனம், எல்லாம் நாலு பக்கத்துக்கு.

அவன்ர கடிதம் தீர்த்தம் முடிஞ்சு ஒரு கிழமைக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் வேற ஒழுங்கைக்குப் போய் ஒரு வீட்டுக் கேற்றில நாலு நாள் செருகிக் கிடந்ததாம், கடிதம் கொண்டு திரியிறவை ஒருக்காப் பேரை வாசிச்சுப் பார்த்துக் குடுத்தா என்ன எண்டு எனக்கு இப்பவும் மனம் பொறுக்குதில்லை. கோடு போட்ட தாள், ரெண்டு பக்கமும் எழுதியிருக்கிறான், லைற் நிப்பாட்டினாப் பிறகு டோர்ச் வெளிச்சத்தில எழுதினதாம், எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகுது. ஒரு மூலையில வேர்வையோ தண்ணியோ பட்டு மை ஊறிப்போய்க் கிடக்கு. மணலில ஒரு சின்னப் பூச்சி கடிக்குமாம், நேரா நிக்கேக்க கடிச்சாலும் கை அசைக்கக்கூடாதாம். பனை மாதிரி ஒரு மரம் நிக்குதாம், நுங்குதான் இல்லையாம். அங்க வாய் திறந்து நான் எண்டு சொல்லக்கூடாது, இந்த ரெக்ரூட், அதாவது படைக்குப் பழக வந்த ஆள், எண்டுதான் தங்களைச் சொல்லோணுமாம். அதை வாசிச்சாப்போல கடிதத்தில எத்தினை தரம் நான் எண்டு எழுதியிருக்கிறான் எண்டு எண்ணிப் பார்த்தன், 31 தரம். கடைசியில, பேர் கூப்பிட்டுக் கடிதம் குடுக்கேக்க என்ர பேர் இன்னும் வரேல்ல அம்மா எண்டு ஒரு வரி. நான் எழுதாமல் இருந்த நாளுகளிலதான் அவன் அதை எழுதியிருக்கிறான்.

அதால கேக்கிறன், பிள்ளையின்ர கடிதத்துக்குக் காத்திருக்காமல் விலாசம் கிடைச்ச அண்டைக்கே எழுதுங்கோ. பேருக்கு முன்னால ரெக்ரூட் எண்டு போட்டு பற்றாலியன், கொம்பனி, பிளற்றூன் நம்பர் எல்லாம் விடாமல் எழுதோணும், இல்லாட்டி போய்ச் சேரச் சுணங்கும். வெள்ளைக் கவர் போதும், ஸ்ரிக்கர் அது இது ஒட்டி அனுப்பினா எல்லாருக்கும் முன்னால பிள்ளைக்குத்தான் பேச்சு விழும். பலகாரம் ஒண்டும் வேண்டாம், மனம் கேக்காதுதான், எனக்கும் பருத்தித்துறை வடை அனுப்ப ஆசையாத்தான் இருந்தது. இஞ்ச இருந்து தபாலில போட்டா மூண்டு நாலு கிழமை எடுக்குது, அதால நான் கையால எழுதினதை போட்டோ எடுத்து அனுப்ப, அக்காவின்ர மகள் பிரிண்ட் பண்ணி அங்க போஸ்ற் பண்ணுறவள், அது கெதியாப் போய்ச் சேருது. சாண்ட்பாக்ஸ் எண்டு ஒரு அப்பும் இருக்கு, போனில எழுதினா அவையே தாளில அடிச்சு முகாமுக்கு அனுப்புவினம், காசு எடுப்பினம். மூலத்தையும் நான் தபாலில போடுறனான், என்ர கையெழுத்துப் பட்ட தாள் அவன்ர கைக்குப் போகோணும் எண்டு.

வீட்டில சாவு, பெரிய வருத்தம் எண்டு அவசரமா அறிவிக்கிறதெண்டா அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொன்னா அவை பிள்ளையின்ர அதிகாரியளுக்குச் சேதி குடுப்பினம். போன மாசம் மாமி கிணத்தடியில விழுந்து கை முறிஞ்சது, அதுக்கு நாங்கள் சொல்லேல்ல, கடிதத்திலயும் எழுதேல்ல. அது சரியோ பிழையோ தெரியேல்ல, 13 கிழமை முடியட்டும் எண்டு மாமியே சொன்னவ.

இன்னும் நாலு கிழமை இருக்கு. அதுக்கிடையில 54 மணித்தியாலம் நித்திரையும் சாப்பாடும் அரைகுறையா ஒரு சோதினை, அதைத் தாண்டினாத்தான் மரீன் எண்டு பேர். பாசிங் அவுட்டுக்குப் போக எங்களுக்கு விசா இல்லை, அக்கா ஆக்கள் போகினம். உங்கட பேப்பர் பார்க்கிற ஆருக்காவது இப்பிடி ஒரு பிள்ளை நிண்டா நீங்களும் ஒரு வரி எழுதிப் போடுங்கோ, நாங்கள் ஆளையாள் தெரிஞ்சிருப்பம். இண்டைக்கு எழுதினது இருபத்திரண்டாவது கடிதம், தபால் கந்தோர் பூட்ட முதல் கொண்டுபோய்ப் போடோணும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொக்குவில்.