11 திடல்களில் ஆடிய அணியின் பெயரால் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

நியூ ஆர்லியன்ஸ் நகரில் உள்ள துலேன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் 2005ஆம் ஆண்டு ஆட்டப் பருவம் 2 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கோடு சென்ற வாரம் முடிவுக்கு வந்தது. கத்ரீனா புயலின்போது நாங்கள் நியூ ஆர்லியன்ஸை விட்டு வெளியேறிய கதையை உங்களில் பலர் தொலைபேசியில் கேட்டுவிட்டீர்கள். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. அந்த அணி ஆடுவதற்கு இடம் கொடுத்தவர்களுக்கும், அது ஆடியதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்த ஒருவருக்கும் நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாற்றுத் துணிகூடப் போதிய அளவு இல்லாமல் புறப்பட்ட அந்த இளைஞர்கள் முதலில் ஜாக்சனிலும், பிறகு டாலஸிலும் தங்கி, கடைசியில் வடக்கு லூசியானாவில் உள்ள ரஸ்டன் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்குள்ள லூசியானா டெக் பல்கலைக்கழகம், தன் அணிக்கே ஒரு பருவம் நடந்துகொண்டிருந்த வேளையில், விடுதியையும் வகுப்பறைகளையும் பயிற்சித் திடலையும் இவர்களுக்குத் திறந்துவிட்டது. 1975 முதல் சொந்தத் திடலாக இருந்த நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கம் சிதைந்து கிடந்ததால், 11 ஆட்டங்களையும் 11 வெவ்வேறு திடல்களில் ஆட நேர்ந்தது. வளாகம் மூடப்பட்டு மாணவர்கள் நாடெங்கும் சிதறிவிட்ட இந்த மாதங்களில், துலேன் என்ற பெயரைச் சட்டையில் தாங்கி மக்கள் முன் வந்து நின்றவர்கள் எங்கள் விளையாட்டு வீரர்களே.

அணி வந்து சேர்ந்த அதே ஊரில்தான் எங்கள் குடும்பத்துக்கும் வாடகைக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. அவருடைய கணவர் லூசியானா டெக்கில் படித்தவர். அவர் மறைந்த பிறகும் அந்த அணியின் ஒரு ஆட்டத்தையும் தவறவிடாதவர் இவர். ஷ்ரீவ்போர்ட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்திடம் நாங்கள் 14க்கு 21 என்ற கணக்கில் தோற்றதை அவருடன் அமர்ந்து கேட்டேன். அதன் பிறகு நகருக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டதால், என் சனிக்கிழமைகள் நீரில் ஊறிய வீட்டைத் துப்புரவு செய்வதில் கழியத் தொடங்கின. விடியுமுன் புறப்பட்டு, பூஞ்சை படர்ந்த சுவர்ப்பலகைகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் திரும்புவேன். ஆட்டங்களை நான் கேட்க முடியாமல் போவதை அவரிடம் சொல்லி வருந்தியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கதவைத் தட்டி, கோடிட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். முந்தைய நாள் ஆட்டத்தை, பேரனின் கணினியில் வந்த வானொலி வர்ணனையைக் கேட்டு, தொடக்க உதை முதல் கடைசி விசில் வரை பென்சிலால் எழுதி வைத்திருந்தார். 10 யார்டு முன்னேற ‘டவுன்’ எனப்படும் 4 முயற்சிகள் தரும் ஆட்டம் இது; முன்னேற முடியாதபோது பந்தை எதிரணியின் பக்கம் தொலைவாக உதைத்துவிடுவது ‘பண்ட்’. ஒவ்வொரு முயற்சிக்கும் அவர் ஒரு வரி ஒதுக்கியிருந்தார். ‘மூன்றாவது டவுன், 7 யார்டு தேவை, எறிந்த பந்து கைக்கு எட்டவில்லை, பண்ட்’ என்பது போன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. கூட்டத்தின் ஆரவாரத்தில் வர்ணனையாளரின் குரல் கேட்காத இடங்களைக்கூடக் குறித்திருந்தார். எங்கள் அணி வீரர் மாட் ஃபோர்டே என்ற பெயர் முதன்முதலில் வரும் இடத்தின் ஓரத்தில், அந்தப் பையனின் ஊர் ஸ்லைடெல், அங்கும் வெள்ளம் புகுந்தது என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது.

பருவம் முடியும்வரை அவர் இதை நிறுத்தவில்லை. லூசியானா டெக்கும் அதே நேரத்தில் ஆடிய நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தன் அணி ஆடியது மறுநாள் செய்தித்தாளில் விரிவாக வரும், உங்கள் அணியைப் பற்றி இந்த ஊரில் யார் எழுதப்போகிறார்கள் என்றார். பேட்டன் ரூஜில் தென்கிழக்கு லூசியானா அணியை நாங்கள் வென்ற நாளின் பக்கங்களை என் மனைவி உரக்கப் படிக்க, குழந்தைகள் கைதட்டினார்கள். ஆனால் என்னை ஆழமாகத் தொட்டவை தோல்விகளின் பக்கங்களே. இனி எட்டிப்பிடிக்க முடியாத அளவு பின்தங்கிவிட்ட ஆட்டங்களிலும், கடைசிக் கால்பகுதியை அவர் முதல் கால்பகுதியைப் போலவே வரி விடாமல் எழுதியிருந்தார். களத்தில் அந்த இளைஞர்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த வரிகளைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தேவையில்லை. 1998இல் 12 ஆட்டங்களிலும் வென்ற துலேன் அணியை எங்கள் நகரம் இன்றும் கொண்டாடுகிறது. பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போய் ஆடிய இந்த அணியை அதற்கு ஒரு படியும் கீழே வைக்க என்னால் இயலாது.

எங்கள் பிற விளையாட்டு அணிகளைத் தங்கவைத்து ஆதரித்த டெக்சாஸ் ஏ அண்டு எம், டெக்சாஸ் டெக், ரைஸ், தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகங்களுக்கும், எங்களை முன்பின் அறியாமலே எங்கள் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டிய தேவாலயத் தொண்டர்களுக்கும், அரிசியும் சாம்பார்ப் பொடியும் குளிராடைகளும் அனுப்பிய ஹூஸ்டன், டாலஸ் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி.

ஜனவரியில் வளாகம் மீண்டும் திறக்கும் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது, நாங்களும் திரும்புகிறோம். எங்கள் அணி நியூ ஆர்லியன்ஸில் மறுபடி ஆடும் முதல் நாளுக்கு அந்த அம்மையாரை நானே காரில் போய் அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் அவரால் திடலுக்குப் போக முடியாத சனிக்கிழமை ஏதேனும் வந்தால், லூசியானா டெக்கின் அன்றைய ஆட்டத்தை, தோற்றாலும் வென்றாலும், ஒரு டவுன் விடாமல் எழுதி ரஸ்டனுக்கு அனுப்புவேன்.

நன்றியுடன்,
நியூ ஆர்லியன்ஸுக்குத் திரும்பும் ஒரு துலேன் ஊழியன்